"உள்ள விடுவாங்களாடா?": சென்னை கலை சீசன் தொடங்கும் முன் ஒரு கேள்வி



கொஞ்சம் நீளமான பதிவு. பத்து நிமிஷம் ஒதுக்கிப் படிங்க. சரின்னு பட்டா பகிருங்க. தப்புன்னு பட்டா கமெண்ட்ல வந்து சண்டை போடுங்க. ரெண்டுமே நமக்கு வேணும்.

மார்கழி வரப்போகுது. இந்நேரம் உங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு லிஸ்ட் வந்திருக்கும். எந்த சபாவுல எந்த நாள் யார் கச்சேரி, எந்த கேன்டீன்ல என்ன ஸ்பெஷல்னு எல்லாம் அதுல இருக்கும். அது கூடவே டிசம்பர்ல சென்னை சர்வதேச திரைப்பட விழா. சில வருஷமா மாசக் கடைசியில நீலம் பண்பாட்டு மையம் நடத்துற மார்கழியில் மக்களிசை. ஜனவரி வந்தா புத்தகக் காட்சி. பொங்கலுக்கு சென்னை சங்கமம். ரெண்டு மாசத்துக்குள்ள இவ்வளவு கலை நிகழ்ச்சி நடக்கிற ஊர் இந்தியாவுலேயே ரொம்பக் குறைவு. 2017ல யுனெஸ்கோ தன்னோட படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் இசைக்கான நகரமா சென்னையைச் சேர்த்தது சும்மா இல்ல. பெருமைதான். நானும் அப்போ ஸ்டேட்டஸ் வெச்சவன்தான்.

ஆனா நான் இன்ஜினியரிங் படிச்சவன். லிஸ்ட் கையில கிடைச்சா மேப்ல போட்டுப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. போன வருஷம் வந்த லிஸ்ட்ல இருந்த ஒவ்வொரு அரங்கத்துக்கும் ஒரு பின் போட்டேன். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை, தி.நகர். கொஞ்சம் தள்ளி திருவல்லிக்கேணி, அடையாறு, நங்கநல்லூர். போன் ஸ்க்ரீன்ல முழு சென்னையையும் வெச்சுப் பார்த்தா, ரெண்டு விரலை வெச்சு அந்தப் பின்களில் பெரும்பாலானதை மூடிடலாம்.

அப்புறம் மேப்பை மேல நகர்த்தினேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர், மணலி. அந்த லிஸ்ட்ல இருந்து ஒரு பின்கூட இங்க விழல. நான் பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கம்தான்.

இதைச் சொன்னதும் மூணு பதில் வரும்னு தெரியும். மூணையும் எடுத்துக்கறேன்.

முதல் பதில்: "கலையில அரசியலைக் கலக்காதீங்க."

சரி, அப்போ சீசன் எப்படிப் பிறந்ததுன்னு பார்ப்போம். 1927 டிசம்பர்ல சென்னையில காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதோட சேர்த்து அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அங்க எடுத்த முடிவுதான் 1928ல மியூசிக் அகாடமியா மாறுச்சு. டிசம்பர் கச்சேரி சீசன் அதிலிருந்து வளர்ந்ததுதான். அதாவது, இன்னிக்கு நீங்க "அரசியல் இல்லாத தூய கலை"ன்னு சொல்ற சீசன் ஒரு அரசியல் கட்சி மாநாட்டுப் பந்தல்ல முளைச்சது.

அடுத்து 1940கள். தமிழ்நாட்டு மேடையில தமிழ்ப் பாட்டு கச்சேரி முடியிற நேரத்துல துக்கடாவா மட்டும் வந்த காலம். தமிழ்ல பாடுங்கன்னு கேட்டதுக்கே அன்னிக்குப் பெரிய எதிர்ப்பு. அதையும் மீறி ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னாடி நிக்க, 1943ல தமிழ் இசைச் சங்கம் உருவாச்சு. பாரிமுனைப் பக்கம் இருக்கிற ராஜா அண்ணாமலை மன்றம் அந்தப் போராட்டத்தோட கட்டடம். இன்னிக்கு எந்தக் கச்சேரியிலயும் தமிழ்ப் பாட்டு கேட்டா யாரும் முகம் சுளிக்கிறதில்ல. அன்னிக்கு யாரோ கேட்டாங்க, சண்டை போட்டாங்க, தனி மேடையே கட்டினாங்க. அதனாலதான் இது நடந்துச்சு.

ரெண்டாவது பதில்: "வட சென்னையில இதையெல்லாம் யார் கேட்பாங்க?"

இந்தப் பதில்தான் எனக்கு ரொம்பக் கோபம் வர்ற பதில். இதைச் சொல்றவங்களுக்கு இந்த ஊரோட வரலாறே தெரியல.

தியாகராஜர் சென்னைக்கு வந்தப்போ எங்க தங்கினார்? மயிலாப்பூர்லயா? ஜார்ஜ் டவுன் பந்தர் தெருவுல, கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டுல. வீணை தனம்மாள் எங்க வாழ்ந்தாங்க? ஜார்ஜ் டவுன்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க வீட்டுல வாசிப்பாங்க, பெரிய பெரிய வித்வான்கள் எல்லாம் வந்து அமைதியா உட்கார்ந்து கேட்டுட்டுப் போவாங்க. அந்த வீட்டுப் பேத்திதான் பாலசரஸ்வதி. 1973ல மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்த அதே பாலசரஸ்வதி. வள்ளலார் வளர்ந்தது ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவுல. அவர் பாடினது கந்தகோட்டம் முருகனை. ஆர்மேனியன் தெரு கோகலே ஹால்ல ஒரு காலத்துல கச்சேரி கேட்க இடம் பிடிக்கணும்.

இது எல்லாம் சென்ட்ரலுக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற தெருக்கள். அப்புறம் வசதி உள்ளவங்க தெற்கே குடி மாறினாங்க. சபாக்களும் அவங்க பின்னாடியே போச்சு. மியூசிக் அகாடமியோட இப்போதைய அரங்கம் கதீட்ரல் ரோட்டுல திறந்தது 1962ல. ஆக, வடக்குக்குக் காது இல்லாததால மேடை போகல. காசு போன திசையில மேடை போச்சு. போன பிறகு, "அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு ரசனை கிடையாது"ன்னு ஒரு கதையும் கட்டிட்டாங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. கானா. இந்த நகரமே பெத்தெடுத்த இசை அது. சாவு வீட்டுல, தெருவோரத்துல, டோலக்கும் புல்புல்தாராவும் வெச்சுக்கிட்டு, செத்தவனோட வாழ்க்கையை விடிய விடியப் பாடின இசை. 2006ல சித்திரம் பேசுதடி படத்துல கானா உலகநாதன் பாடினப்போ தமிழ்நாடே ஆடுச்சு. 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறினப்போ இந்த ஏரியாப் பசங்க கோட்டு சூட்டு போட்டு நின்னு பாடினாங்க, கூட்டம் அலைமோதுச்சு. சினிமாவுக்கு கானா வேணும். ரீல்ஸுக்கு வேணும். தேர்தல் பிரச்சாரப் பாட்டுக்குக் கண்டிப்பா வேணும். மேடைன்னு கேட்டா மட்டும் "பார்க்கலாம் தம்பி".

சொந்தக் கதை ஒண்ணு சொல்றேன். நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜ்ல கல்ச்சுரல்ஸ். எங்க கிளாஸ்ல ஒருத்தன், எங்க பக்கத்து ஏரியா, கானா பாடினா நின்னு கேட்கத் தோணும். ஆடிஷனுக்குப் போனான். ரெண்டு வரி பாடினதும் நிறுத்திட்டாங்க. "லைட் மியூசிக், கிளாசிக்கல், வெஸ்டர்ன். இந்த மூணுல எதுன்னு சொல்லுப்பா"ன்னு கேட்டாங்க. அவன் பாடினது மூணுலயும் இல்ல. "அதர்ஸ்"னு ஒரு கட்டம்கூட அந்த ஃபார்ம்ல கிடையாது. அவன் சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தான். ஆனா அதுக்கப்புறம் காலேஜ்ல பாடவே இல்ல. நாலு வருஷமும். அந்த வருஷம் டிஜே நைட்ல என்ன பாட்டுக்கு மொத்த காலேஜும் ஆடுச்சுன்னு நான் சொல்லணுமா?

மூணாவது பதில்: "அதான் அரசு சென்னை சங்கமம் நடத்துதே. கிராமியக் கலைக்கு அது போதாதா?"

சங்கமம் நல்ல விஷயம். நான் போவேன், நீங்களும் போங்க. பறை, கரகம், ஒயில், தப்பாட்டம், தேவராட்டம், தெருக்கூத்து எல்லாம் டிக்கெட் இல்லாம, பூங்காவுலயும் மைதானத்துலயும் நம்ம கண்ணு முன்னாடி நடக்கும். ஆனா ஒரு விஷயத்தை கவனிங்க. சங்கமம் 2007ல ஆரம்பிச்சது. 2011க்கு அப்புறம் நின்னுபோச்சு. திரும்ப வந்தது 2023 பொங்கலுக்கு. நடுவுல பத்து வருஷத்துக்கும் மேல ஒண்ணும் இல்ல. ஆட்சி மாறினா நிக்கிற விழா, திரும்ப மாறினா ஓடுற விழா. அந்தப் பத்து வருஷத்துல ஒரு கரகாட்டக் கலைஞருக்கு முட்டி தேய்ஞ்சிருக்கும். ஒரு தவில்காரர் மகன் அப்பாவைப் பார்த்துட்டு "எனக்கு வேணாம்"னு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பான்.

எந்தக் கட்சி நிறுத்துச்சு, எந்தக் கட்சி ஆரம்பிச்சதுன்னு சண்டை போட இந்தப் பதிவு இல்ல. விழா நடத்துறது ஆட்சியோட விருப்பம். நிரந்தரமா ஒரு மேடை கட்டிட்டா அதை எந்த ஆட்சியும் சுருட்டி வெச்சுக்க முடியாது. அதுதான் என் பாயிண்ட்.

கூத்தைப் பத்தியும் சொல்லணும். தெருக்கூத்து ராத்திரி தொடங்கி விடியிற வரைக்கும் நடக்கிற கலை. கட்டியங்காரன் வந்து, வேஷம் ஒண்ணொண்ணா திரைக்குப் பின்னாடி நின்னு பாடி, கதை மெல்ல மெல்ல ஏறும். விழா மேடையில அதுக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் சில நிமிஷம். முகத்துக்கு அரிதாரம் பூச ஆகுற நேரத்துல கால்வாசிகூட ஆடக் கிடைக்காது. 2025ல தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பறை ஆசான் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது. எல்லாக் கட்சிக்காரங்களும் வாழ்த்துப் போஸ்டர் போட்டோம். இந்தச் சென்னையில அவங்க ஒரு முழு ராத்திரி, முழுக் கூத்தை, முழு ஆட்டத்தை நடத்த நம்மகிட்ட எத்தனை இடம் இருக்கு?

இப்போ ஒரு சங்கடமான விஷயம். அட்மின் இதை வெட்டிடுவாரோன்னு நினைச்சேன், வெட்டல. நன்றி அட்மின்.

நம்ம கட்சி மட்டும் என்ன செய்யுது? நம்ம கூட்டத்துக்கும் பறை கூப்பிடுறோம். தலைவர் நாலு மணிக்கு வருவார்னு சொல்லி ரெண்டு மணிக்கே வரச் சொல்றோம். தலைவர் வர ஏழு ஆகுது. அதுவரைக்கும் வெயில்ல, தார் ரோட்டுல, காலைச் சுட்டுக்கிட்டு அடிக்கிறாங்க. வண்டி உள்ள நுழைஞ்சதும் "ஓரமா போங்கப்பா"ன்னு தள்ளுறது யாரு? நம்ம பசங்கதான். மறுநாள் இதே பக்கத்துல வீடியோ போடுறோம். தலைவர் பேர் இருக்கும், மாவட்டச் செயலாளர் பேர் இருக்கும், பந்தல் போட்டவர் பேர்கூட இருக்கும். அடிச்சவங்க பேர் ஒண்ணு இருக்கா? அந்த வீடியோவை எடிட் பண்ணது நான்தான். நானும் போடல. அதனால இந்தக் கேள்வி வெளியில இருக்கிறவங்களுக்கு மட்டும் இல்ல.

கர்நாடக இசைக்கு நான் எதிரின்னு யாராவது இந்நேரம் டைப் பண்ண ஆரம்பிச்சிருப்பீங்க. பொறுங்க.

போன வருஷம் மார்கழியில எங்க ஆயாவை ஒரு சபாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். பல சபாக்கள்ல பகல் கச்சேரி இலவசம், இது நிறையப் பேருக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கோங்க. ஆயா மார்க்கெட்ல காய்கறி வித்தவங்க. எங்க தெருவுல சாவு விழுந்தா ஒப்பாரிக்கு முதல் ஆளா ஆயாவைத்தான் கூப்பிடுவாங்க. எழுபது வருஷமா இந்த ஊர்ல இருக்காங்க. சபா வாசல்ல வந்து நின்னதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா கேட்டாங்க: "உள்ள விடுவாங்களாடா?"

யாரும் தடுக்கல. வாட்ச்மேன் நிமிர்ந்துகூடப் பார்க்கல. உள்ள போய் உட்கார்ந்தோம். ஒரு இளம் பாடகி பாடினாங்க. ஆயா கண்ணை மூடிக் கேட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு என் பக்கம் சாய்ஞ்சு, "இந்தப் பொண்ணு அழுவுதுடா. கண்ணுல தண்ணியே வராம அழுவுது. நல்லா அழுவுது"ன்னாங்க. பக்கத்து சீட்ல இருந்த பெரியவர் காதுல அது விழுந்திருச்சு. திரும்பி, "அம்மா, அது முகாரி ராகம். சோகத்துக்கு அதைத்தான் சொல்லுவாங்க. சரியாப் பிடிச்சீங்க"ன்னாரு. ஆயாவுக்கு அன்னிக்கு முழுக்கப் பெருமை தாங்கல. தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தாங்க.

அந்தப் பாட்டு மேலயோ, அந்தப் பெரியவர் மேலயோ எனக்கு என்ன கோபம்? எனக்கு உறுத்துறது அந்த வாசல்ல ஆயா கேட்ட கேள்வி. கதவு திறந்துதான் இருந்துச்சு. ஆனா அது தனக்காகவும் திறந்திருக்குன்னு எழுபது வருஷத்துல ஒருத்தரும் அவங்ககிட்ட சொல்லல. இன்னொண்ணும் உறுத்துது. அழுகையைக் காதாலயே கண்டுபிடிக்கிற அந்த மனுஷி பாடுற ஒப்பாரிக்கு இந்த ஊர்ல மேடை கிடையாது. ஆயா போனா அந்தப் பாட்டும் போயிடும்.

ஒரே மேடையில எல்லாம் நடக்குமான்னு கேட்கிறவங்களுக்கு: நடந்திருக்கு. 2015ல பெசன்ட் நகர் பக்கத்துல ஊரூர் ஆல்காட் குப்பத்துல, மீனவர் குடியிருப்புக்கு நடுவுல விழா நடந்துச்சு. கர்நாடக இசையும் பறையும் ஒரே மணல்ல. டி.எம். கிருஷ்ணா மாதிரி சபா மேடையின் உச்சத்துல இருந்த ஒருத்தர் அந்த முயற்சியில நின்னார். உலகம் ஒண்ணும் இடிஞ்சு விழல.

அதனால இந்த சீசன்ல நாம கேட்க வேண்டியது இதுதான். கோரிக்கையா எழுதிக்கோங்க 👇

1. சென்னை மாநகராட்சியில 15 மண்டலம் இருக்கு. ஒவ்வொரு மண்டலத்துலயும் ஒரு திறந்தவெளி கலை மேடை வேணும். ஏசி வேணாம், குஷன் சீட் வேணாம். கூரை, லைட், ஒலி அமைப்பு, பெண் கலைஞர்கள் வேஷம் மாத்த ஒரு ரூம், சுத்தமான கழிப்பறை. முதல் மேடை வடக்குல இருந்து தொடங்கணும். விம்கோ நகர் வரைக்கும் 2021லயே மெட்ரோ வந்துடுச்சு. மேடையும் அந்த ரூட்ல வரட்டும்.

2. அந்த மேடையை ஆன்லைன்ல யார் வேணும்னாலும் புக் பண்ணலாம்னு இருக்கணும். எந்த நாள் யாருக்குக் கொடுத்தாங்க, எந்த நாள் காலியா இருக்குன்னு எல்லார் கண்ணுக்கும் தெரியணும். கவுன்சிலர் சிபாரிசு லெட்டர் கேட்கக் கூடாது. நம்ம கவுன்சிலரா இருந்தாலும் கேட்கக் கூடாது. இதுக்கு வேண்டிய சாஃப்ட்வேரை எழுத இந்த ஊர்ல ஆளுக்கா பஞ்சம்?

3. அரசு விழாவோ, தனியார் விழாவோ, கட்சிக் கூட்டமோ, போஸ்டர்ல குழுவோட பேரும் ஊர்ப் பேரும் இருக்கணும். "கிராமியக் கலை நிகழ்ச்சி"ன்னு மொட்டையா போடுறதை நிறுத்தணும். மிருதங்க வித்வானுக்குப் பேர் இருக்குன்னா பறைக்காரருக்கும் பேர் இருக்கு.

4. ஆடி முடிச்ச அன்னிக்கே சம்பளம் வங்கிக் கணக்குல ஏறணும். டீக்கடையில பத்து ரூபாய்க்கு யுபிஐ நடக்கிற ஊர்ல, கலைஞர் மட்டும் எதுக்கு மாசக்கணக்கா அலையணும்?

5. தெருக்கூத்துக்கும் விடிய விடிய நடக்கிற கலைகளுக்கும் வருஷத்துல சில இரவுகளாவது முழு நேரம் ஒதுக்கணும். ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தணும்ங்கிறது சட்டம், அதை மதிக்கணும். அதனாலதான் ஒலி வெளிய போகாத மூடிய அரங்கம் ஒண்ணாவது இதுக்குன்னு வேணும்ங்கிறேன்.

இதை அரசுகிட்ட மட்டும் கேட்டா போதாது. உங்களாலயும் முடியும். இந்த சீசன்ல ஒரு நாள் சபாவுக்குப் போனீங்கன்னா, இன்னொரு நாள் மக்களிசைக்குப் போங்க. சங்கமத்துல செல்ஃபி எடுத்தா ஆடினவங்க பேரைக் கேட்டு எழுதிப் போடுங்க. மயிலாப்பூர்ல இருக்கிற தோழர் வியாசர்பாடிக்கு ஒரு தடவை வாங்க. வியாசர்பாடித் தோழர் வீட்டுப் பெரியவங்களை ஒரு பகல் கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வாசல்ல அவங்க தயங்கி நின்னா, "இது நம்ம இடம்தான், வாங்க"ன்னு நீங்க சொல்லுங்க.

உங்க ஏரியாவுல மேடை போடத் தகுந்த மாநகராட்சி இடம் எங்க காலியா கிடக்குன்னு கமெண்ட்ல வார்டு எண்ணோட போடுங்க. நான் மேப்ல பின் போட்டு, பொங்கலுக்கு முன்னாடி மனுவா எழுதிக் கொடுக்கிறேன். மனு கொடுத்த போட்டோவையும், வர்ற பதிலையும் இதே பக்கத்துல போடுவேன். பதில் வரலைன்னா அதையும் போடுவேன்.

இனிமே இந்தப் பக்கத்துல வர்ற எந்தக் கூட்டத்து வீடியோவுலயும் கலைஞர்கள் பேர் இல்லைன்னா, கமெண்ட்ல என்னைத் திட்டுங்க. உரிமையோட திட்டுங்க.

ஆயா இந்த வருஷமும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. "அந்த அழுவுற பொண்ணு திரும்ப எப்போ பாடுதுன்னு பாரு"ன்னாங்க. லிஸ்ட் பார்த்துட்டு இருக்கேன்.

#எல்லாருக்கும்_மேடை
#மார்கழி_வடக்குக்கும்_வரட்டும்

தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர்,
வட சென்னை